பின்னால் வரும் பஸ்

அத்தியாயம் 14

கரக்... கரக்... கரக்...

அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் மெட்டில்டாவின் நெஞ்சிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மூச்சு இல்லை. லேமினேஷன்.

மாரத்தான் ஓடுகிற அத்தனை பேரும் நம்பர் தாளை நாலு ஊக்கு குத்தி டி-ஷர்ட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். மெட்டில்டா ஒருத்திதான், பளபளவென்று மின்னும் ஒரு பிளாஸ்டிக் அட்டையை, மூலைக்கொரு ஓட்டை போட்டு, கிறிஸ்துமஸ் கேக் பெட்டியில் வந்த சிவப்பு ரிப்பனால் உடம்போடு கட்டிக்கொண்டு ஓடினாள்.

எல்லாம் கணவர் ஆபேலின் கைங்கரியம்.

"வேர்வையில ஊறிப் போயிடும் மெட்டி. நம்பரே தெரியலைன்னா நீ ஓடி என்ன பிரயோஜனம்?" என்று முந்தின நாள் சாயங்காலம் சிட்லபாக்கம் ஜெராக்ஸ் கடையிலிருந்து வெற்றி வீரராக வந்து நின்றார்.

ரேஷன் கார்டு, கேஸ் புக், எல்.கே.ஜி.யில் மகள் ஜோவிதா வாங்கிய ரேங்க் கார்டு என்று அந்த வீட்டில் ஆபேலின் கண்ணில் பட்ட எந்தத் தாளும் லேமினேஷனுக்குத் தப்பியதில்லை. மெட்டில்டா சண்டை போட நினைத்தாள். விடிந்தால் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். சண்டைக்குச் செலவழிக்கத் தெம்பில்லை.

முப்பது வருடமாக ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருப்பவர், மனைவியின் ஓட்டத்துக்கும் ஒரு டைம்டேபிள் போட்டிருந்தார். 'சேலையூர்: வருகை 4.27. ராஜகீழ்ப்பாக்கம்: வருகை 4.36, புறப்பாடு 4.37. உணவு: அவித்த உருளைக்கிழங்கு.' ஸ்கூட்டரில் முன்னால் முன்னால் போய் நின்றுகொண்டு, அவள் வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நாலு நிமிஷம் லேட்டு!" என்று அறிவித்தார்.

பதினெட்டாவது கிலோமீட்டரில் மெட்டில்டா வெடித்துவிட்டாள்.

"ஏங்க, நான் என்ன கூட்ஸ் வண்டியா? போங்க! இனிமே என் கண்ணுலயே படாதீங்க!"

பக்கத்தில் ஓடிய நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது ஆபேலின் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவர், ஒரு வார்த்தை பேசாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைத் திருப்பினார்.

அதோடு ஆளைக் காணோம்.

சரியாக ஏழு பத்துக்கு மெட்டில்டா கிழக்குத் தாம்பரத்தின் கல்லூரி மைதானத்துக்கு வந்து சேர்ந்தாள். பாதி தூரம். மைதானத்தில் கிளம்பி, மேடவாக்கம் பாலம் தாண்டி, திரும்பி வருவது ஒரு சுற்று. அதே ரோட்டில் இன்னொரு சுற்று போய் வந்தால் மாரத்தான். யார் யோசித்தார்களோ, பார்த்த ஃப்ளெக்ஸ் போர்டையே பார்த்துக்கொண்டு இரண்டாம் முறை ஓட வேண்டும்.

ஆபேல் கண்ணில் படவில்லை. கோபித்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார் போலிருக்கிறது. போகட்டும். ஆனால் முட்டிக்குப் போடும் பட்டையும், உப்பு கலந்த தண்ணீரும், மிச்ச உருளைக்கிழங்கும் அவர் ஸ்கூட்டர் டிக்கியில் அல்லவா இருக்கின்றன? கோபித்துக்கொண்டு போகிற மனுஷன் அதையாவது வைத்துவிட்டுப் போகக் கூடாதா?

இந்த வயதில் ஏன் இந்த வம்பு என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள். ஐம்பது வயது, ப்ளஸ் டூ கணக்கு டீச்சர். மெட்டில்டா யாருக்கும் பதில் சொன்னதில்லை.

பதில் இதுதான். போன வருடம் இதே ஓட்டத்தில், இருபத்தாறாவது கிலோமீட்டரில், செம்பாக்கத்தில் அவளால் முடியாமல் போயிற்று. கடைசியாக வருகிறவர்களை அள்ளிக்கொண்டு போக ஒரு பஸ் பின்னாலேயே வரும். அதில் ஏற்றிக்கொண்டு வந்து மைதானத்தில் இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஆபேல் தவறாமல் சொல்வார்: "மெட்டி முக்கால் மாரத்தான் ஓடினா. மிச்சத்தை பஸ் ஓடிடுச்சு!" எல்லோரும் சிரிப்பார்கள். ஆபேலிடம் குசும்பு உண்டு, கெட்ட எண்ணம் கிடையாது. மெட்டில்டாவும் சிரித்துக்கொண்டே கேக் தட்டை நீட்டுவாள்.

பதினொரு மாதம், சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். ஓடி முடித்தவர்கள் பட்டியலில் தன் பேர் ஒரு வரியாக இருக்க வேண்டும். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

அதற்காக எல்லாவற்றையும் ஒத்திப் போட்டிருந்தாள். இரண்டு வாரத்துக்கு முன், பாத்திரம் தேய்க்கிற சாக்கில் பக்கத்தில் வந்து நின்று ஜோவிதா சொன்ன விஷயத்தைக்கூட. பையன் பேர் விக்கி. முடிச்சூர் 'சம்பந்தம் ஹார்ட்வேர்ஸ்' கடைக்காரர் சம்பந்தத்தின் மகன். வேறு மதம் என்பது ஒரு பக்கம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு போர்வெல் மோட்டாருக்காக ஆபேலும் சம்பந்தமும் கடை வாசலில் தெருவே கூடும்படி கத்திக்கொண்டது இன்னொரு பக்கம். அந்தக் கடை இருக்கும் ரோட்டிலேயே ஆபேல் இப்போது போவதில்லை.

"பதினெட்டாம் தேதி மாரத்தான் முடியட்டும். அப்புறம் பேசலாம். அதுவரைக்கும் அப்பாகிட்ட மூச்சு விடாத" என்று சொல்லி மகளின் வாயை அடைத்து வைத்திருந்தாள்.

இன்றைக்குத்தான் பதினெட்டு.

ராஜகீழ்ப்பாக்கம் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு டீசல் உறுமல் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

பஸ் அவளை ஒட்டி மெதுவாக வந்தது. டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"மேடம், ஏறிக்கறீங்களா? ஏசி போட்டிருக்கேன்."

"வேண்டாம்."

"எப்படியும் மேடவாக்கத்துல எட்டு அம்பத்தஞ்சுக்கு கயிறு கட்டிடுவாங்க மேடம். அப்புறம் யாரையும் விடமாட்டாங்க."

"நீங்க முன்னாடி பார்த்து ஓட்டுங்க."

வலது முட்டி பிசகிய கதவு மாதிரி இழுத்தது. செம்பாக்கம் வந்ததும் ரோட்டோரத்தில் பூ விற்கும் கங்கம்மா, பொங்கலுக்கு விற்றுத் தீராத கரும்புக் கட்டில் சாய்ந்துகொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"யக்கா! போன வருசம் இங்கதான பஸ்ல ஏறிக்கினு போன? நீதான அது?"

மெட்டில்டா பல்லைக் கடித்தாள்.

"மூஞ்செல்லாம் சுண்டிப் போய்க் கீதே! இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? கம்முனு ஏறிக்கோக்கா!"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஏறிவிடலாம் என்றுதான் தோன்றியது. அப்போது மீடியனுக்கு அந்தப் பக்கம் ஒரு பைக் வந்து நின்றது. பின் சீட்டிலிருந்து ஜோவிதா குதித்து ஓடிவந்தாள்.

"மம்மி, நில்லு! இல்ல இல்ல, நிக்காத. ஓடிக்கிட்டே கேளு!"

"உங்கப்பா எங்கடி? இன்னும் கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. ஓடறவங்களைக் காட்டற போன் ஆப்புல நீ ஓடலை மம்மி."

"என்னது?"

"நீ இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலைன்னு காட்டுது. தேவானந்தம் சித்தப்பா பல்லாவரத்துல உக்காந்து பார்த்துட்டு, 'அண்ணி தூங்கிட்டாங்களா'ன்னு டாடிக்கு போன் பண்ணிட்டாரு. அப்பவே டாடி நேரா கிரவுண்டுக்குப் போயி, டென்டுல சண்டை போட்டுக்கிட்டு இருக்காரு."

"நான் ஓடறதை அவரே கண்ணால பார்த்தாரேடி!"

"அதைத்தான் நானும் சொன்னேன். 'செக்‌ஷன்ல வண்டி ஓடிக்கிட்டு இருக்கு. போர்டுல காட்டலைன்னா ஸ்டேஷன் மாஸ்டர் சும்மா உக்காந்திருப்பானா'ன்னு கேக்கறாரு. ரெண்டு காப்பி கம்ப்ளெய்ன்ட் எழுதியாச்சு. ஒண்ணுல கையெழுத்து வாங்காம நகர மாட்டாராம்."

"என் முட்டிப் பட்டை?"

"டாடி டிக்கில."

மெட்டில்டா நின்று, குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். நம்பர் தாளின் பின்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு சிப் ஒட்டியிருக்கும். ரோட்டில் விரித்திருக்கும் பட்டையைத் தாண்டும்போது அதுதான் நேரத்தைப் பதிவு செய்யும். 'மடிக்கக் கூடாது' என்று அதன் மேலேயே எச்சரிக்கை எழுதியிருந்தது. மடிந்துவிடக் கூடாதே என்றுதான் ஆபேல் அதை லேமினேஷன் மிஷினுக்குள் விட்டிருக்கிறார். சுடச்சுட, நசுக்கி, அவித்து எடுத்திருக்கிறார்.

இருபத்தாறு கிலோமீட்டர். ஓர் அடிகூடக் கணக்கில் இல்லை.

"கடவுளே, இந்த மனுஷனை..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சாபம் கூடாது.

"ஆன்ட்டி, காலை ஒரு நிமிஷம் காட்டுங்க."

பைக்கை நிறுத்திவிட்டு வந்தவன் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் மெடிக்கல் ஷாப் கவர். அவள் பதில் சொல்வதற்குள் முட்டியில் பேண்டேஜ் துணியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டான்.

"யாருடி இது?"

"விக்கி" என்றாள் ஜோவிதா, ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

"மாரத்தான் முடியட்டும்னுதானேடி சொன்னேன்?"

"முடியறதுக்கு இன்னும் பதினாறு கிலோமீட்டர் இருக்கு மம்மி. என்னால உன் கூட ஓட முடியாது. பஸ் பின்னாடியே நிக்குது. நான் வேற யாரைக் கூப்பிடட்டும்?"

டிரைவர் ஹாரன் அடித்தார். மெட்டில்டா ஓட ஆரம்பித்தாள். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, ஜீன்ஸும் தோல் செருப்புமாக, அவனும் கூடவே வந்தான்.

ஒரு கிலோமீட்டர் வரை அவளுக்கு எரிச்சல்தான். பேச்சே கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். அவனும் அதிகம் பேசவில்லை. "அந்தப் பொங்கல் வாழ்த்து ஃப்ளெக்ஸ் வரைக்கும் ஓடலாம் ஆன்ட்டி. அப்புறம் முப்பது எட்டு வெச்சு நடக்கலாம்" என்பான். நடக்கும்போது தண்ணீரை நீட்டுவான். முப்பதாவது எட்டில், "ஓடலாமா?" என்பான். கணக்கில் ஓர் எட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சந்தோஷபுரத்தில் மெட்டில்டாவே வாயைத் திறந்தாள்.

"உங்கப்பா குடுத்த மோட்டார் ஒரே வாரத்துல புகைஞ்சு போச்சு. தெரியுமா?"

"தெரியும் ஆன்ட்டி. அன்னிக்குக் கடையில நானும் இருந்தேன்."

"கேரன்டி இருந்தும் மாத்தித் தரலை."

"அங்கிள் பில்லை லேமினேட் பண்ணி எடுத்துட்டு வந்தாரு. அது மிஷின் பில்லு. சூடு பட்டா கறுத்துப் போயிடும். முழுசும் கறுப்பு. தேதி, விலை, எதுவும் தெரியலை. அப்பா அதை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு, 'இது என்ன சார், எக்ஸ்ரேயா?'ன்னு கேட்டுட்டாரு. அங்கதான் ஆரம்பிச்சுது."

இந்தப் பாதிக் கதையை ஆபேல் வீட்டில் சொன்னதே இல்லை.

மெட்டில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், விலா வலித்தது. முட்டி எரிந்துகொண்டிருக்க, மூச்சு வாங்கிக்கொண்டே, மேடவாக்கம் பாலத்தின் மேல் சிரித்துக்கொண்டு ஓடினாள்.

திருப்பத்தில் கயிறோடு இரண்டு பேர் தயாராக நின்றார்கள். பக்கத்தில் பெரிய டிஜிட்டல் கடிகாரம். பைக்கை ஓட்டிக்கொண்டு முன்னால் வந்திருந்த ஜோவிதாவிடம் மெட்டில்டா தூரத்திலிருந்தே கத்தினாள்.

"வீடியோ எடுடி! கடிகாரம் தெரியற மாதிரி எடு! பின்னாடி ஒரு அத்தாட்சி வேணும்!"

எட்டு நாற்பத்தொன்பது. ஆறு நிமிடம் மிச்சம்.

திரும்பி வந்த வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயில் ஏறியது. விக்கியின் இடது செருப்பு வார் அறுந்தது. அவன் இரண்டு செருப்பையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினான். சேலையூர் வந்ததும் நின்றுவிட்டான்.

"இதுக்கு மேல நான் வரலை ஆன்ட்டி. அங்கிள் இருப்பாரு. இன்னும் மூணு கிலோமீட்டர்தான். நடந்தா லேட்டாயிடும், ஓடிடுங்க."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நன்றி சொல்ல மூச்சு இல்லை.

பத்து இருபத்தாறுக்கு மெட்டில்டா எல்லைக் கோட்டைத் தாண்டினாள். பத்தரை வரைதான் கெடு. யாரோ கழுத்தில் மெடலைப் போட்டார்கள். அடுத்த நொடி, கையில் ஒரு பேப்பரோடு ஆபேல் ஓடி வந்தார்.

"வா வா, சீக்கிரம் வா! உனக்காகத்தான் டென்டுல ஆளை உக்கார வெச்சிருக்கேன்!"

"ஏங்க, முதல்ல தண்ணி..."

"தண்ணி அப்புறம். பேர் முக்கியம்!"

நேரம் பதிவு செய்யும் டென்டில் லேப்டாப்புக்குப் பின்னால் இருந்தவரின் பேர் ஹரிபிரசாத். மூன்று மணி நேரமாக ஆபேலைச் சமாளித்த களைப்பு அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. மெட்டில்டா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் விழுந்தாள். ஜோவிதா வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஹரிபிரசாத் நம்பர் அட்டையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இதை யாரு லேமினேட் பண்ணது?"

"நான்தான்" என்றார் ஆபேல் பெருமையாக. "நல்ல திக்கான ஷீட்டு."

ஹரிபிரசாத் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"சார், அந்தச் சூட்டுல சிப் செத்துப் போச்சு. மூணு மணி நேரமா எங்க சிஸ்டம் சரியில்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

ஆபேல் அட்டையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கையிலிருந்த புகாரை மெதுவாக மடித்தார்.

"நல்லதுக்குத்தானே மெட்டி..."

"தெரியும்" என்றாள் மெட்டில்டா. "நீங்க செய்யறது எல்லாமே நல்லதுக்குத்தான். அதுதான் தாங்க முடியலை."

ஹரிபிரசாத் தொண்டையைச் செருமினார். "மேடம், கிளம்பினது, பாதி தூரம், முடிச்சது, மூணும் இங்கதான். எங்க கேமராவுல உங்க நம்பர் இருக்கும். மேடவாக்கம் திருப்பத்துலதான் கேமரா இல்ல. ரெண்டாவது சுத்துல அங்க போகாமயே பாதியில திரும்பி வர்றவங்க இருக்காங்க. உங்களைச் சொல்லலை. ஆனா அத்தாட்சி இல்லைன்னா 'முடிக்கவில்லை'ன்னுதான் என்னால போட முடியும்."

மெட்டில்டாவின் தோளில் இருந்த ஜோவிதாவின் கை இறுகியது.

அப்போதுதான் மெட்டில்டாவுக்கு உறைத்தது. அத்தாட்சி இருக்கிறது. கத்திச் சொல்லி எடுக்க வைத்தது அவளேதான். கடிகாரம் தெரிகிறதா என்று பார்த்தாளே தவிர, பக்கத்தில் விக்கி தெரிவானே என்று யோசிக்கவில்லை.

பதினொரு மாதம். ஒரு வரி.

"விட்டுடுங்க சார்" என்றாள். "முடிக்கவில்லைன்னே போட்டுக்கோங்க."

"எப்படி விடறது?" ஆபேல் எகிறினார். "நீ ஓடினியா இல்லியா?"

"ஓடினேன்."

"அப்ப? ஜோவி, நீ அங்க இருந்தேன்னு போன்ல சொன்னியே. ஒரு போட்டோகூடவா எடுக்கலை?"

"நான்தான் எடுக்க வேண்டாம்னு சொன்னேன்" என்றாள் மெட்டில்டா. பிள்ளைகள் பொய் சொன்னால் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்கும் டீச்சர், யார் கண்ணையும் பார்க்காமல் சொன்னாள்.

"மம்மி பொய் சொல்றாங்க" என்றாள் ஜோவிதா. "எடுத்தேன் டாடி."

"ஜோவி..."

"நீ சும்மா இரு மம்மி. இன்னொரு வருஷம் அந்த பஸ் கதையை என்னால கேக்க முடியாது."

போனை மேஜையில் வைத்து ஓடவிட்டாள்.

சிவப்பு எழுத்தில் 8.49. அதன் கீழே, வாயெல்லாம் சிரிப்பாக, நெஞ்சில் அட்டை மின்ன, மெட்டில்டா ஓடி வந்தாள். பக்கத்தில் ஜீன்ஸ் போட்ட ஒருவன் அவள் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கத்தினான்: "சூப்பர் ஆன்ட்டி! ஆறு நிமிஷம் கையில இருக்கு!"

"போதும் மேடம். நம்பர், டைம், எல்லாம் தெளிவா இருக்கு" என்று ஹரிபிரசாத் தட்டச்சு செய்து, லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். மெட்டில்டா ஆபேல். 6 மணி 26 நிமிடம். முடித்தார்.

அந்த வரியைப் பார்த்ததும் அழுதுவிடுவோம் என்று பதினொரு மாதமாக நினைத்திருந்தாள். இப்போது அதை ஒரு முறை முழுதாகப் படிக்கக்கூட முடியவில்லை. ஆபேல் போனை எடுத்து இரண்டாம் தடவை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்றாம் தடவை.

"இது சம்பந்தம் பையன்தானே?"

ஜோவிதா தலையை ஆட்டினாள்.

"எவ்வளவு தூரம் ஓடினான்?"

"பதிமூணு கிலோமீட்டர்" என்றாள் மெட்டில்டா.

"இந்தச் செருப்போடவா?"

"கொஞ்ச தூரம் அதுவும் இல்லாம."

ஆபேல் போனை மகளிடம் நீட்டினார். "அவன் நம்பரைப் போடு."

"எதுக்கு டாடி?"

"போடுன்னு சொன்னேன்."

அந்தக் குரலில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவதா? இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்தவளுக்கே பிடிபடவில்லை. ஜோவிதா அம்மாவைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் போட்டுக் கொடுத்தாள்.

"ஏங்க, இங்க வேண்டாம். வீட்டுக்குப் போய்..."

அவர் கேட்டுக்கொள்ளவில்லை. போனைக் காதில் வைத்தபடி டென்டின் பின்பக்கம் நடந்தார்.

"தம்பி, நான் ஆபேல் பேசறேன்..."

அதற்குமேல் ஒலிபெருக்கி கத்திய கத்தலில் எதுவும் கேட்கவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது. மெட்டில்டா நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடிய கால்கள், அவர் நிற்கிற இருபது அடிக்கு வர மாட்டேன் என்று அடம்பிடித்தன.